வலது கீழ் மூலை

மஞ்சள் குருகு அசையவில்லை. ஸஹானாவும் அசையவில்லை.

மூன்று மாதமாகத் தேடிய பறவை. கோரைக்கு நடுவில் கோரைபோல நிற்கும். கழுத்தை நீட்டி அலகை வானத்துக்குக் காட்டும். காற்றில் கோரை ஆடினால் தானும் ஆடும். தேடி வந்தவர்கள் அதற்கு நேரே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போய்விடுவார்கள்.

காலை ஏழு மணி வெயில் அதன் கழுத்தில் விழுந்தது. ஸஹானா நாற்பது படங்கள் எடுத்தாள்.

ஏரி நாறியது. எப்போதும் நாறும். இடது பக்கம், அவர்கள் குடியிருப்பின் மதிலுக்கு அடியிலிருந்து ஒரு சிமெண்ட் குழாய் ஏரிக்குள் நீண்டிருந்தது. சுத்திகரிப்பு மோட்டார் ஓடாத நாட்களில் நூற்று நாற்பத்திரண்டு வீடுகளின் கழிவு அதன் வழியே வரும். மோட்டார் பெரும்பாலும் ஓடாது. ஸஹானா எடுத்த எந்தப் படத்திலும் அந்தக் குழாய் இல்லை. கேமராவை எவ்வளவு வலப்பக்கம் திருப்பினால் அது மறையும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். அன்றும் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் படங்களை இறக்கினாள். முப்பத்தொன்பதைத் தள்ளினாள். ஒன்றை வைத்துக்கொண்டாள். பறவையின் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள். மஞ்சள் விழி. விழியில் ஒரு புள்ளி வெளிச்சம். கூர்மையாக இருந்தது. அவ்வளவுதான் வேண்டும்.

பச்சை மங்கலாக இருந்தது. பச்சையைப் பத்து ஏற்றினாள். வலது கீழ் மூலையில் ஏதோ ஒரு பச்சை பளிச்சென்று எழுந்தது. செடி என்று நினைத்தாள்.

அவள் கணவன் அனிருத் காபியோடு பின்னால் வந்து நின்றான்.

“வழக்கமா போடற சைஸ்லயே போடேன். 2048 பிக்சல்.”

“போன மாசம் க்ளப் ஹவுஸ்ல என்ன ஆச்சு, மறந்துட்டியா?”

போன மாதம் ஒரு நாரையின் படத்தைச் சிறிதாக்கிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். வாட்ஸ்அப் அதை மேலும் பிழிந்தது. சி பிளாக் சிவகுமார் அதை க்ளப் ஹவுஸின் அறுபத்தைந்து அங்குல டிவியில் போட்டார். நாரை சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. “மேடம், இது நாரையா, சிக்கன் சிக்ஸ்டிஃபைவா?” என்றார் சிவகுமார். முப்பது பேர் சிரித்தார்கள்.

“நல்லாத்தானே கேட்டார்,” என்றான் அனிருத்.

“போடா.”

எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறந்தாள். கோப்பு வகை ஜேபெக். தரம் எண்பதில் இருந்தது. நூறுக்கு இழுத்தாள். அளவைக் குறைக்கும் கட்டத்தில் எப்போதும் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்தாள். நாற்பத்தைந்து மெகாபிக்சலும் போகட்டும். இடத் தகவலை நீக்கும் கட்டத்தில் டிக் வைத்தாள். அரிய பறவை எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் பறவை போய்விடும். பறவை பார்ப்பவர்களின் முதல் ஒழுக்கம் அது.

வலது கீழ் மூலையில் அவள் பெயர் வெள்ளை எழுத்தில் தானாக விழுந்தது. ஸஹானா.

இருபத்தாறு எம்.பி. படமாக அனுப்பினால் பிழிந்துவிடும் என்று டாக்குமெண்டாக அனுப்பினாள்.

எட்டரைக்கு அலுவலக அழைப்பு. அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. அழைப்பு நடந்துகொண்டிருந்தபோது போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

முதலில் கைதட்டல்கள். “சூப்பர் க்ளாரிட்டி மேடம்.” சிவகுமார் எழுதியிருந்தார்: “டவுன்லோட் பண்ணிட்டேன். இன்னிக்கு டிவில போடறோம். இந்த வாட்டி சிக்கன் இல்ல.”

ஸஹானா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது பத்துக்கு பி பிளாக்கிலிருந்து ஒருவர் எழுதினார். “ரைட் சைட், பாட்டம் கார்னர். ஜூம் பண்ணி பாருங்க.”

ஸஹானா ஜூம் செய்தாள்.

செடி இல்லை. புடவை. கிளிப்பச்சை, கடுகு நிறக் கரை. போன தீபாவளிக்கு அவளே கொடுத்த பழைய புடவை. கோரைக்கு மேல் ஒரு தலையும் தோளும் தெரிந்தன. ஒரு கையில் பிளாஸ்டிக் மக். முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

கிளியம்மாள். காலை ஆறு மணிக்குக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தைப் பெருக்குகிறவள். பிறகு மதியம் இரண்டு வரை ஐந்து வீடுகளில் வேலை. ஐந்தில் ஒன்று ஸஹானாவின் வீடு.

குழுவில் அந்த மூலையை வெட்டி எடுத்துச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே மூக்கைப் பொத்தும் பொம்மை. வாந்தி எடுக்கும் பொம்மை, ஏழு முறை.

“ச்சீ. காலங்கார்த்தால.”

“இதுக்குத்தான் ஏரி நாறுது.”

“பறவை வாட்சிங்ல இதெல்லாம் போனஸ் ப்ரோ.”

“நம்ம ஹவுஸ்கீப்பிங் லேடி இல்ல?”

“அவதான். புடவை டி-502 ஸஹானா குடுத்தது. லிஃப்ட்ல பார்த்திருக்கேன்.”

இதற்கு நடுவில் ஒருவர் கேட்டிருந்தார். “மேடம், லென்ஸ் என்ன?”

எல்லோருக்கும் அழி என்பதை ஸஹானா அழுத்தினாள். இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று வந்தது. உடனே அதற்குக் கீழே மூன்று பேர் ஏன் என்று கேட்டார்கள்.

பதினோரு மணிக்குக் கதவைத் தட்டியவர் பத்ரிநாராயணன். சங்கச் செயலாளர். இன்சூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்குளில் பிளாஸ்டிக் ஃபைல்.

“டெலீட் பண்ணிட்டேளே ஸஹானா.”

“தெரியாம வந்துடுச்சு சார். நான் பறவையைத்தான் எடுத்தேன்.”

“தெரியாம வந்ததுதான் விசேஷம். தெரிஞ்சு எடுத்திருந்தா அவ உஷாராயிருப்பா.” அவர் சோபாவில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். ஒரு தாளில் கட்டம் வரைந்திருந்தது. “ஜி.எஸ்.டி. ரோடு முனையில, பஸ் ஸ்டாப்பை ஒட்டி, ஆறுக்கு நாலு போர்டு. ‘ஏரி நம் தாய். அசுத்தம் செய்பவர் முகம் இதோ.’ எப்படி?”

“முகத்தையா போடப் போறீங்க?”

“போடலைன்னா எதுக்குப் போர்டு? என்கிட்ட ஸ்க்ரீன்ஷாட்தான் இருக்கு. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அது உடையும்கறான். ஒரிஜினலைக் குடுங்கோ. அந்த மூலையை மட்டும் வெட்டி, முகத்துல கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி. உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை.”

“பேஸ்மெண்ட்ல ஸ்டாஃப் டாய்லெட் இருக்கே சார். அது ஏன் பூட்டியே கிடக்கு?”

“அதுலதானே ஏரி தினத்துக்கு அடிச்ச போர்டெல்லாம் வச்சிருக்கோம். வெளியில வச்சா மழையில வீணாயிடும்.”

அவர் சிரிக்காமல் சொன்னார். ஸஹானா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. சவரம் செய்த, திருநீறு பூசிய, நல்ல முகம்.

“அவ பிழைப்பு சார் இது.”

“கேட் பாஸ் நாளையிலேர்ந்து கட். அது கமிட்டி முடிவு. உங்களுக்கு ஒரு மொமெண்டோ குடுக்கலாம்னும் பேசியிருக்கோம். நாலு மணிக்குள்ள அனுப்பிடுங்கோ.” எழுந்தார். இரண்டடி வைத்து நின்றார். “உங்க பாத்ரூம் யூஸ் பண்ணிக்கட்டுமா? சுகர் மாத்திரை. அடக்க முடியறதில்ல பாருங்கோ.”

அவள் கையைக் காட்டினாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்து சமையலறைக் கதவில் தொங்கிய துண்டில் கையைத் துடைத்தார். “க்ளீனா மெயின்டெய்ன் பண்றேள்,” என்றார்.

அவர் போனபின் ஸஹானா துண்டை எடுத்துச் சலவை இயந்திரத்தில் போட்டாள்.

பதினொன்றரைக்குக் கிளியம்மாள் வந்தாள். பையிலிருந்த மாற்றுப் புடவைக்கு மாறியிருந்தாள். அது யார் கொடுத்தது என்று தெரியவில்லை. செருப்பை வெளியே விட்டாள். பேசாமல் பாத்ரூமுக்குப் போனாள். பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது.

ஸஹானா வாசலில் நின்றாள்.

“கிளியக்கா.”

பிரஷ் நிற்கவில்லை.

“தெரியுமாக்கா?”

“மோகன்ராஜ் போன்ல காட்னான்.” மோகன்ராஜ் வாசல் காவல்காரன். “காட்டிட்டு அவனே அழுவுறான். கேட்ல குந்திகினு இவ்ளோ பெரிய ஆம்பள.”

“நான் பார்க்கவே இல்லக்கா. சத்தியமா.”

“தெரியும். நா உன்னைப் பாத்தேன். கேமராவை வச்சிகினு குந்தினு இருந்தே. நீ பறவைய புடிக்கிறேன்னு நெனச்சேன். நம்மள எவன் புடிக்கப் போறான்னு வுட்டுட்டேன்.” தண்ணீரை ஊற்றினாள். “எங்க, காட்டு. மோகன்ராஜ் போன்ல சரியா தெரில.”

ஸஹானா மடிக்கணினியைத் திறந்தாள். கிளியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். முழுப் படத்தையும் முதலில் பார்த்தாள்.

“பறவை நல்லாத்தான் கீது.”

ஸஹானா மூலைக்கு நகர்த்திப் பெரிதாக்கினாள். கிளியம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

“இன்னாம்மா இது. கம்மல்ல கல்லு வுழுந்த எடம்கூட தெரியுது.”

“கீழ டாய்லெட் சாவி கேட்டிருக்கலாமேக்கா.”

“ஆறு வருசமா கேட்டாச்சு. உள்ள போர்டு தூங்குதாம்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

கிளியம்மாள் நிமிர்ந்தாள்.

“அஞ்சு வூடு செய்றேன். அஞ்சு வூட்லயும் சேத்து பதினோரு கக்கூசு. பதினொன்னும் நாந்தான் கழுவறேன். எனக்கும் சக்கர மாத்திரதான், அந்த செகரெட்டரி சாருக்கு மாரியே. கீழ்க்கட்டளைலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்து எறங்குறேன். ஒருத்தராச்சும் ‘போய்க்கோ’ன்னு சொன்னாங்களா? நீ சொன்னியா?”

ஸஹானா சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அது மட்டும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் கிளியம்மாள் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினாள். ஐந்து நிமிடம். அவள் போனபின் ஸஹானா ஒரு மூடி பினாயில் கூடுதலாக ஊற்றினாள். பிளாஸ்டிக் இருக்கையை டெட்டால் போட்டுத் துடைத்தாள். அதை அனிருத்திடம்கூடச் சொன்னதில்லை. இப்போது உறுத்தியது அதுதான். வாந்தி பொம்மை போட்டவர்கள் இல்லை.

“இப்ப போங்கக்கா. இங்கயே போங்க.”

“இப்ப வரல.”

கிளியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியைக் காட்டியபோது தலையசைத்தாள்.

“கேட் பாஸ் போச்சாமே. போவுட்டும். வூடா கெடைக்காது? அந்த போர்டு மட்டும் வாணாம்மா.”

“போர்டு பத்தித் தெரியுமா?”

“லிஃப்ட்டாண்ட நின்னு பேசிக்கினாங்க. நா தொடச்சிகினுதான் இருந்தேன். அனுப்பிரியா காலேஜ் பஸ்ஸு அந்த ஸ்டாப்புல நின்னுதான் போவுது.”

அனுப்பிரியா அவள் மகள். பொத்தேரியில் கல்லூரி. இரண்டாம் வருடம்.

“ஏழேகாலுக்கு வரும். பஸ்ஸு பூரா பசங்க. இவ ஜன்னல் சீட்ட வுடவே மாட்டா. சின்னதுலேர்ந்து அப்டிதான்.”

“நான் குடுக்க மாட்டேன்க்கா.”

“குடுக்கலன்னா வேற எங்கனா வாங்குவான். குடு. ஆனா மூஞ்சி தெரியாம குடு. உனக்குத்தான் அந்த வித்தையெல்லாம் தெரியுமே.”

மூன்றரைக்கு ஸஹானா எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறந்தாள்.

மூலையை வெட்டினாள். வெளிச்சத்தை ஏற்றவில்லை. அளவைக் குறைக்கும் கட்டத்தில் டிக் வைத்தாள். நீளம் 2048 என்றிருந்ததை அழித்து 200 என்று அடித்தாள். தரத்தை நூறிலிருந்து ஐந்துக்கு இழுத்தாள். கூர்மையாக்குவதை நிறுத்தினாள். முன்பு மாதக்கணக்கில் கற்றுக்கொண்டதை ஒவ்வொன்றாகத் தலைகீழாகச் செய்தாள்.

வந்ததைத் திறந்து பார்த்தாள். முகம் ஒன்பது சதுரங்களாக இருந்தது. அவற்றில் இரண்டு கறுப்பு. கம்மல் இல்லை. யார் வேண்டுமானாலும் அது. டாக்குமெண்டாக அனுப்பாமல் படமாக அனுப்பினாள். வாட்ஸ்அப் மேலும் பிழியட்டும்.

“கிடைச்சது. தேங்க்ஸ்,” என்று பத்ரிநாராயணன் பதில் போட்டார்.

அனிருத் எட்டிப் பார்த்தான். “ஜீனியஸ்டி நீ.”

அவளுக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. நல்ல வேலை செய்த மனநிறைவு. பறவையின் கண் கூர்மையாக விழுந்தபோது வந்த அதே மனநிறைவு. உடனே வாய் கசந்தது.

“ஒரிஜினலை என்ன பண்ணே?”

“குரூப்ல அழிச்சாச்சே.”

“நம்ம டிஸ்க்ல?”

அழிக்கப் போனாள். கை நின்றது. அதில் மஞ்சள் குருகு இருந்தது.

அன்று ஒன்பதரைக்கே போனை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

காலை ஆறரைக்குப் போனைப் போட்டாள். பத்ரிநாராயணனின் செய்தி குழுவில் முந்தின இரவு பத்தரைக்கு வந்திருந்தது.

“ஸஹானா மேடம் அனுப்பிய ஃபைல் ஃப்ளெக்ஸுக்கு உபயோகப்படவில்லை. நல்ல வேளையாக சிவகுமார் சார் டிவிக்காக டவுன்லோட் செய்த ஒரிஜினல் அவரிடம் இருந்தது. இவ்வளவு நல்ல ஃபைல் இதுவரை வந்ததில்லை என்று கடைக்காரரே சொன்னார். போர்டு வைத்தாகிவிட்டது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.”

கீழே கைதட்டல்கள். அவள் எண்ணவில்லை.

கேமரா எடுக்காமல் இறங்கினாள். ஏரிக்கரை வழியே ஓடினாள். முனையில் போர்டு நின்றது. இரும்புச் சட்டம். ஆறடிக்கு நான்கடி. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பக்கமிருந்து வரும் எந்த பஸ்ஸிலிருந்தும் தெரியும்.

எங்கும் உடையவில்லை. முகம் ஒன்றரை அடி. யாரோ வெளிச்சம் ஏற்றியிருந்தார்கள். கம்மலில் கல் விழுந்த குழி ஒரு ரூபாய் அளவு இருந்தது. கண் சாலையைப் பார்த்தது, யாராவது பார்க்கிறார்களா என்று. பறவை இல்லை. அதை வெட்டிவிட்டார்கள். வலது கீழ் மூலையை மட்டும் எடுத்ததால் அந்த மூலையில் இருந்த இன்னொன்றும் கூட வந்திருந்தது. வெள்ளை எழுத்தில், ஒரு அடி நீளத்தில். ஸஹானா.

கிளியம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். முழங்கை வரை சேறு. போர்டில் அவள் தாடை ஏற்கெனவே சேற்றுக்குள் போயிருந்தது.

“வந்தியா,” என்றாள். “மோகன்ராஜ் போன் பண்ணான்.”

“கிழிச்சுடலாம்க்கா. கத்தி எடுத்துட்டு வரேன்.”

“கிழிச்சா வேற ஒட்டுவான். அவனுக்கு இன்னா. இத்தை கழுவணும்னா கை வைக்கணும்.” சேற்றுக் கையை முகர்ந்து காட்டினாள். “வைப்பானா அவன்?”

மழை இல்லாத மாதம். கரை காய்ந்திருந்தது. ஈரச் சேறு சற்றுத் தள்ளியிருந்த குழாயின் வாயில் மட்டும்தான் இருந்தது. கறுப்பாக, பளபளவென்று. கிளியம்மாள் அங்கிருந்துதான் அள்ளிக்கொண்டிருந்தாள்.

ஸஹானா குழாய்க்குப் போனாள். குனிந்தாள். கையை விட்டாள். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். யாருடையது என்றும் தெரியும். அதில் ஒரு பஞ்சும் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தன. ஓரமாக வாந்தி எடுத்தாள். வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளினாள். போர்டுக்கு வந்து அப்பினாள். தேய்த்தாள். மறுபடி போய் அள்ளி வந்து தேய்த்தாள்.

கிளியம்மாள் சிரித்தாள்.

“உன் பேரத்தான் மொதல்ல அழிக்கிறே.”

ஸஹானா கையைப் பார்த்தாள். ஸ-வும் ஹா-வும் போயிருந்தன. முகத்தில் அவள் கை ஒருமுறைகூடப் படவில்லை.

“அழி, அழி. நா என் மூஞ்சிய அழிச்சிக்கிறேன். கண்ணுதான் எட்ல எனக்கு.”

ஸஹானா உயரம். பெயரில் மீதியிருந்த எழுத்தை விட்டுவிட்டு வந்தாள். கால்விரலில் எம்பி, அந்தப் பெரிய கண்ணின் மேல் கையை வைத்தாள். பிளாஸ்டிக் வழுக்கியது. சேறு முழங்கை வழியே அக்குள்வரை இறங்கியது. மறுபடி அள்ளி வந்தாள். நான்கு முறை போய் வந்தபின் கண் மூடியது.

காலை நடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். சிலர் அவளுக்கு வணக்கம் சொல்கிறவர்கள். இன்று சொல்லவில்லை. ஒருவர் நின்று போனை எடுத்தார். கிளியம்மாள் சேற்றுக் கையைத் தூக்கி அவரை நோக்கி ஓரடி வைத்தாள்.

“வா சார். ஒட்டி நின்னு எடு. க்ளியரா வுழும்.”

அவர் போனை உள்ளே வைத்துக்கொண்டு போனார்.

“மணி இன்னா ஆவுது?”

ஸஹானா மணிக்கட்டைத் துடைத்துப் பார்த்தாள். “ஏழு பன்னெண்டு.”

கிளியம்மாள் சாலையைப் பார்த்தாள். பிறகு தன் கைகளை. பிறகு புடவையை.

மஞ்சள் பஸ் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் திரும்பியபோது அவள் போர்டுக்குப் பின்னால் போனாள். சட்டத்தின் இரும்புக் காலோடு ஒட்டி நின்றாள். பஸ் நிறுத்தத்தில் நின்றது. மூன்று மாணவர்கள் ஏறினார்கள். ஜன்னல்களில் தலைகள். சில போர்டைப் பார்த்தன. போர்டில் கறுப்பும், மேலே ‘ஏரி நம் தாய்’ என்பதும், கீழே ஒரு ‘னா’வும் இருந்தன. மூன்றாவது ஜன்னலில் ஒரு பெண் காதில் கருவி மாட்டிக்கொண்டு கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. எதைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது.

காற்றடித்தது. ஃப்ளெக்ஸ் ஆடியது. பின்னால் கிளியம்மாள் அசையவில்லை.

பஸ் போயிற்று.

அவள் வெளியே வந்தாள். “பாத்தாளா?”

“தெரியலக்கா.”

“பாக்கலன்னுதான் சொல்லேன்.”

“பாக்கலக்கா.”

கிளியம்மாள் தலையாட்டினாள். போர்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். காதில் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. பெருவிரலால் அதையும் தேய்த்தாள்.

“மேல வாங்கக்கா. கை கழுவிட்டுப் போங்க. என் வீட்ல.”

“வாணாம்மா.”

“ப்ளீஸ்க்கா.”

“அங்க கழுவுனா இங்கதான் வரும்,” என்று மோவாயால் குழாயைக் காட்டினாள்.

குழாய் ஓடத் தொடங்கியிருந்தது. நூற்று நாற்பத்திரண்டு வீடுகளும் எழுந்துவிட்டன. கிளியம்மாள் கையைக் கோரையில் துடைத்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். கீழ்க்கட்டளை பக்கம் போகும் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் அவளுக்கு இடம் விட்டு விலகி நின்றார்கள்.